சூடா மகன்

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலிதான் இருந்தது. அந்த வீட்டு மலாய்க்கார அம்மாள் ஐந்து பிள்ளை பெற்று ஐந்தையும் ஆளாக்கியவள். அவளைக் 'கக்கா' என்று கூப்பிட வேண்டும், அக்கா என்று அர்த்தம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுவதுபோல இருக்கும். அதனால் எப்படியும் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினேன்.

நான் கைப்பிள்ளையோடு கப்பலேறி வந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு இயல்பாகவே யாரிடமும் வாய் வராது. காலையில் துணி காயப்போடப் போனால் அந்த அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி ஏதோ ஒன்று கேட்பாள். தினமும் அதே கேள்விதான். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. அன்று பார்த்து அவரைப் படகோடு பத்து காவான் என்ற ஊர்ப்பக்கம் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வர மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளை அன்று ராத்திரி முழுக்க அழுதான். காலையில் நான் கொல்லைப்பக்கம் போனபோது அந்த அம்மாள் வேலி ஓரம் வந்து கேட்டாள். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவள் பேச்சு எனக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன்.

"சூடா மகன்?" என்றாள்.

பிள்ளை அழுதது அவள் காதில் விழுந்திருக்கிறது, தனக்குத் தெரிந்த தமிழில் மகனுக்கு உடம்பு சூடா என்று விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். யாருமில்லாத ஊரில் ஒருத்தி கேட்டாளே என்று கண் கலங்கிவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் முகம் மலர்ந்து, "பாகூஸ், பாகூஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து பிள்ளையை வளர்த்தவள் சிரித்துக்கொண்டு போகிறாள் என்றால் இது பயப்படுகிற காய்ச்சல் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் தலையை ஆட்டினேன். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியிருந்தான். அதைச் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து காட்டியிருக்கலாம். கூச்சம். முன்பின் பழகாத வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது என்ற கூச்சம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வந்தார். வந்த காலோடு பிள்ளையை வாரி எடுத்து ரிக்‌ஷாவில் ஏறினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் மடியிலேயே அடங்கிவிட்டான். பதினாலு மாதம்.

அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் அந்த அம்மாள் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் தட்டில் வைத்து, வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவி, அதே கேள்வியைக் கேட்டாள். எனக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை.

"இன்னுமா சூடான்னு கேக்குறா? ஆறிப்போச்சுன்னு சொல்லுங்க அவகிட்ட" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நான் வேலியோரம் நடந்ததைச் சொல்லச் சொல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ உடம்பக் கேக்கல. 'சூடா மாக்கான்'னா சாப்பிட்டாச்சான்னு அர்த்தம். இங்க எல்லாரும் எல்லாரையும் தெனம் கேக்குறதுதான் அது."

"அப்ப பாகூஸ்னா?"

"நல்லதுன்னு அர்த்தம்."

அவர் அந்த அம்மாளிடமும் மலாயில் விவரம் சொன்னார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பக்கத்தில் இருந்தும் அந்தக் கேள்வியை என்னிடம் அவள் கேட்டதில்லை. கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டுவாள், அவ்வளவுதான்.

அந்த வருஷத் தீபாவளிக்கு நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. மறுவருஷம் தொட்டிலில் மகள் இருந்தாள். அதற்கும் மறுவருஷம் அவருடைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் தீபாவளியன்று வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் பிறகு சிநேகமானவர்கள், பழைய விஷயம் தெரியாதவர்கள். கப்பலில் வந்து இறங்கிய புதுசில் யார் யார் என்னென்ன கூத்து அடித்தார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் சீனன் கடையில் உப்பு கேட்கப்போய் முட்டையோடு வந்தாராம். என் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்க முடியாது. நாலு பேர் கூடினால் சிரிக்கவைக்காமல் அனுப்பமாட்டார். "எங்க வீட்டுக் கதையக் கேளுங்க" என்று தொடங்கினார்.

நான் அடுப்படியில் அதிரசம் தட்டிக்கொண்டிருந்தேன். காது அங்கேயே இருந்தது. அந்த அம்மாள் போலவே குரலை இழுத்து, "சூடா மகன்?" என்றார். பிறகு என்னைப்போலத் தலையை ஆட்டி, "ஆமாக்கா, என் மகன் நல்ல சூடு" என்றார். கதையை அதோடு நிறுத்திவிட்டார். வீடே அதிரும்படி சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறி நான்தான் தண்ணீர் கொண்டுபோனேன். "அக்கா, நெசமாவா?" என்று அவர் கேட்டார். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கதை உண்டு. வருகிறவர்களே கேட்டு வாங்கிச் சிரிப்பார்கள். நல்லநாளும் அதுவுமாகக் கண்ணீர் விடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அவர் தொண்டையைக் கனைத்ததுமே ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொள்வேன். வெல்லம் கரையும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அது கரைவதற்குள் கதை முடிந்துவிடும். ஒரு வருஷம்கூட நான் தவறியதில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. பெற்ற தகப்பனே அவனைச் சிரிப்பாக்கிவிட்டாரே, இனி அவனை யார் பிள்ளையாக நினைப்பார்கள் என்பதுதான் அது.

மகளுக்கு ஆறு வயதானபோது, தீபாவளியன்று வந்தவர்கள் போனபின் அவள் என்னிடம் வந்து, "அம்மா, சூடா இருந்தது யாரு? நமக்கு மகன் இல்லியே" என்றாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் வாசலில் வெடித்த பட்டாசுக் காகிதத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, இனிமேல் அந்தக் கதையைச் சொல்லவேண்டாம் என்றேன். கல்யாணமாகி அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அந்த ஒன்றுதான்.

அவர் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"வீட்ல அவன் பேச்செடுத்தா நீ எழுந்து போயிடுற. நானும் விட்டுட்டேன். அந்தக் கதையிலதான் வருஷத்துக்கு ஒருதடவ நாலு பேருக்கு முன்னால 'என் மகன்'னு சொல்லிக்கிறேன். அவங்க சிரிக்கிற சத்தத்துல யாரும் என் மூஞ்சியப் பாக்குறதில்ல."

இத்தனை வருஷமும் அடுப்படியில் இருந்துகொண்டு நானும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அன்று மகளை மடியில் வைத்து இரண்டு பேருமாக அவளுக்கு அண்ணன் இருந்ததைச் சொன்னோம். அவன் பெயரை நான் சொன்னேன். மீதியை அவர்தான் சொல்லி முடித்தார்.

மறுவருஷம் கூட்டாளிகள் கேட்டபோது, மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டார். நான் சொன்னதற்காகத்தான். எனக்கு அதுவும் சங்கடமாக இருந்தது.

அதற்கு அடுத்த தீபாவளிக்குத் தெரிந்தவர் ஒருவர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். அங்கே எங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால் எங்கள் கதை. துறைமுகத்தில் கைமாறிக் கைமாறி எப்படியோ அவரிடம் போயிருக்கிறது. அவர் கதையில் அது தாசேக் கெலுகோரில் தோட்டத்துப் பொம்பளை ஒருத்திக்கு நடந்ததாம். எல்லாரும் சிரித்தார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இந்தத் தடவை பார்த்தேன்.

அவர் மெதுவாக, "அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்டார்.

"என்ன ஆவான் அண்ணே, ரெண்டே நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு. இப்ப பெரியாளாயி வேலைக்குப் போறான்லா" என்றார் அந்த மனிதர்.

என் வீட்டுக்காரர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். விருந்து முடிந்து வெயிலில் நடந்து வந்தோம். மகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"என்ன வேலைக்குப் போறான்னு கேக்காம வந்துட்டேன் பாரு."