கருப்பட்டி முதலாளியின் ரிவர்ஸ் லைட்

வண்டியின் பின்சக்கரங்கள் கால்வாய்க்குள். முன்சக்கரங்கள் அந்தரத்தில். ஏற்றி வந்த கருப்பட்டிச் சிப்பங்கள் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தன. கரையில் நின்று முதலாளி என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். "ராசியில்லாத கை! இவன் லைட்டு மாட்டுனதுல வந்த வெனை!"

இப்போது வேலை பழகுகிற பையன்கள் ரிவர்ஸ் லைட் மாட்டுவதைப் பெரிய வித்தையாக நினைக்கிறார்கள். ஒரு மண்ணும் இல்லை. மாட்டச் சொல்கிற ஆளைச் சமாளிப்பதுதான் வித்தை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து மிலிட்டரி வண்டிகளை ஏலம் விட்ட சமயம். டோல்கேட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் எலெக்ட்ரீஷியன். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவர், ஏலத்தில் எடுத்த பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூடவே டிரைவர் ஏழுமலையும், லோடு ஏற்றி இறக்கும் வியாசர்பாடி தேவராசும். வண்டி பின்னால் போகும்போது தேவராசு இறங்கி நின்று, "வரலாம், வரலாம்... ஹோல்டான்!" என்று குரல் கொடுப்பான். ஏழுமலை தலையைத் திருப்பவே மாட்டான். திரும்பிப் பார்த்தால் கௌரவம் போய்விடுமாம். அந்தக் காலத்து டிரைவர்கள் பாதிப் பேர் இப்படித்தான், துரை மாதிரி நேரே பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பார்கள்.

"பின்னால பெரிய லைட்டா ரெண்டு மாட்டிரும்வே," என்றார் முதலாளி. "நாளையிலிருந்து இவன் வேண்டாம். ஏத்தி எறக்கக் கால்வாய்ப் படகுக்காரன்கிட்ட ஆளு இருக்கு. வெளக்கு என்ன, சம்பளமா கேக்கப் போவுது?"

தேவராசு பக்கத்திலேயேதான் நின்றிருந்தான். வீட்டில் பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டி. முகம் செத்துவிட்டது.

"இன்னா மொதலாளி, லைட்டு எரியும், அவ்ளோதான். நில்லுன்னு கத்துமா?" என்றேன்.

"ஒம்ம சோலியப் பாரும்," என்றார்.

பார்த்தேன். கியர் ராடு ரிவர்ஸுக்குப் போனதும் ஒரு பித்தளைத் தகடு தொட்டு லைட் எரிகிற மாதிரி ஸ்விட்ச் செய்தேன். எர்த் வயர் வண்டி இரும்பைத் தொடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டினேன். சுரண்டாமல் எர்த் கொடுக்கிறவனெல்லாம் ஒரு எலெக்ட்ரீஷியனா? லைட்டைப் போட்டுப் பார்த்தபோது சந்து முழுக்கப் பளிச்சென்றது.

அதற்குப் பிறகு பூஜை. முதலாளி கிண்ணம் நிறைய சந்தனம் குழைத்து வந்து, இரண்டு லைட்டின் கண்ணாடியிலும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். புதுச் சாமானுக்கு முகத்தில்தான் பொட்டு வைக்க வேண்டுமாம்.

"கண்ணாடில வோணாம் மொதலாளி. ஓரமா வெய்ங்க. வெளிச்சம் எப்டி வரும்?"

"நீரு லைட்டு மாட்டுத ஆளு. பூசைய எங்கிட்ட விடும். வெள்ளிக்கெழம வரைக்கும் ஒருத்தனும் தொடைக்கப்படாது, ஆமா."

பல்பு சூட்டில் சந்தனம் அடையாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டது.

மறுநாள் இருட்டுகிற நேரத்தில், எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலிருந்த கால்வாய்க் கரைக்கு லோடு போனது. படகில் ஏற்ற வேண்டிய சரக்கு. ஏழுமலை வழக்கம்போல முன்னால் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தான். 'ஹோல்டான்' சத்தத்துக்குக் காத்திருந்தானாம், மடையன்! கத்த ஆள் எங்கே இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி வேறு, "அதான் வெளக்கு எரியுதே, விடுலே, விடு!" என்று விரட்டியிருக்கிறார். எரிந்தது மஞ்சளாக ஒரு மினுக்கம்.

சத்தம் கேட்டு ஓடினேன். ஒரு லைட் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். வெளிச்சம் எதிர்க்கரை வரை அடித்தது. அதையும் பார்த்துவிட்டு அந்த மனிதர் சொன்னார்: "அப்ப இன்னும் ரெண்டு சேத்து மாட்டும்."

தூ! இந்த ஜென்மத்தோடு என்ன பேசுவது?

கடைசியில் ஏழுமலைதான் கறாராகச் சொன்னான்: "தேவராசு இல்லாம நான் ரிவர்ஸ் எடுக்க மாட்டேன். வேற டிரைவரப் பாத்துக்கோ நைனா." வேறு வழியில்லை. வண்டி ஒர்க்‌ஷாப்பில் காய்ந்துகொண்டிருந்தபோது முதலாளி தேவராசை வரவழைத்தார்.

"வரேன்," என்றான் தேவராசு. "ஆனா, இத்தினி நாளா மூட்டை மேல குந்திகினு வந்தது போதும். இனிமே சீட்லதான் வருவேன்."

முதலாளி முகம் சுருங்கியது. வியாசர்பாடிச் சேரிக்காரன் தோள் தன் தோளில் படுவதா என்கிற சுருக்கம். எனக்குத் தெரியாதா அது?

"சீட்டுல எடம் காணாதே," என்று இழுத்தார்.

"மூணு பேரு தாராளமா குந்தலாம் மொதலாளி," என்றேன். "ஆனா, டக்குனு குதிக்க வேண்டியவன் கதவோரம்தான் குந்தணும்."

ஏழுமலை கதவைத் திறந்துவிட்டான்.

பையன்களா, லைட் மாட்டச் சொல்லி யார் வந்தாலும், வண்டிக்குப் பின்னால் நிற்கிற ஆள் யார் என்று முதலில் கேளுங்கள். மிச்ச வேலை சுலபம்.

அந்த வண்டி ஹைரோட்டில் போகும்போது நான் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன். கதவோரம் தேவராசு, காற்று வாங்கிக்கொண்டு. நடுவில் முதலாளி, இரண்டு காலையும் ஒடுக்கிக்கொண்டு. கால்வாய்க் கரையில் ரிவர்ஸ் விழும்போதெல்லாம் கியர் ராடு அவர் முட்டியில்தான் இடிக்கும். "காலை நவுத்து நைனா!" என்று ஏழுமலை போடும் சத்தம் எங்கள் ஒர்க்‌ஷாப் வரைக்கும் கேட்கும்.