அண்ணன் நம்பாத முள்

வளையமாதேவியில் பிறந்து, நிலம் சுரங்கத்துக்குப் போனபின் நெய்வேலிக்கு வந்து, அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட் டிரைவராக உழைத்து, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கி அனல்மின் நிலையச் சாம்பல் லோடு அடித்த எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் படித்தவர்கள் இருக்கிறார்கள். இந்த நினைவஞ்சலியை எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுகிறார்கள். அதனால் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த என் கைக்குப் பேனா வந்தது. பிழை இருந்தால் அச்சகத்தைத் திட்டுங்கள்.

லைட் போட்டதும் டீசல் முள் இறங்கி, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால், அண்ணன் டாஷ்போர்டைத் தொடவே மாட்டார். "ரெண்டும் ஒண்ணா ஆடுதுன்னா மீட்டர நம்பாதடா, எர்த்தப் பாரு" என்பார். பேட்டரியிலிருந்து சேசிஸ் இரும்பில் முடுக்கிய கம்பிதான் எர்த். அது சரியாக ஒட்டாவிட்டால் எல்லா முள்ளும் பொய் சொல்லும்.

சென்ற ஆண்டு தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிரஷர் பார்த்த நர்ஸின் முகம் மாறியது.

"உங்க மிஷினுக்கு எர்த் சரியில்லீங்க. சுரண்டிட்டு மறுபடி பாருங்க" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். மாத்திரை வாங்காமல் லோடுக்குப் போனார். சில நாளில் வடலூரில் லோடு இறக்கும்போது சாய்ந்தவர் எழவில்லை.

அண்ணிக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்த லாரிதான் சோறு. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும் முன், அண்ணனுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று உறவுக்காரர்கள் கூடி, கம்பிகளைக் கழற்றி, சேசிஸ் வரை பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் திரும்ப முடுக்கினோம். அன்றிலிருந்து முட்கள் சாமியாடின. இன்ஜின் சூடேறுவது தெரியாத வண்டியில் எந்த டிரைவர் ஏறுவார்? நான் மீட்டரை மாற்றினேன், வொயரைப் பிரித்தேன். இன்ஜினைவிட நான்தான் அதிகம் சூடானேன். காயலான் கடைக்காரர் விலை பேச வந்துவிட்டார்.

"தம்பி, ரெண்டு முள்ளும் ஒண்ணாதான ஆடுது?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி."

"உங்கண்ணன் சொல்லிக்கினே இருப்பாரே. எர்த்தப் பாத்தீங்களா?"

"புது பெயிண்ட்டு அண்ணி, பளபளன்னு இருக்கு."

"பெயிண்ட்டுல கரண்ட்டு போவுமா? சுரண்டுங்க."

"அண்ணனுக்காக அடிச்சது அண்ணி..."

"அவருக்காகத்தான் சொல்றேன். சுரண்டுங்க."

இரும்பு தெரியும்வரை சுரண்டி முடுக்கினேன். லைட் போட்டேன். முட்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் கை தட்டினேன். அண்ணி சிரிக்கவில்லை.

"அன்னிக்கு அந்த நர்ஸம்மா மிஷினும் ஒழுங்காத்தான் காட்டிச்சு தம்பி."

அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய வடலூர் லோடுமேன்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டுக்கு உலை வைத்த எங்கள் குடியிருப்பு பிளாக்கின் குடும்பங்களுக்கும், இன்று அண்ணனின் சீட்டில் உட்காரும் டிரைவர் தம்பிக்கும் கைகூப்புகிறோம்.

போன வாரம் அண்ணி என்னை அதே நர்ஸிடம் இழுத்துப் போனார். எனக்கும் பிரஷர் அதிகம் என்றார் நர்ஸ். அண்ணனின் ஜோக் என் நாக்கு நுனி வரை வந்தது. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டு, மாத்திரைக்குக் கை நீட்டினேன்.