பொட்டு வைத்த புத்தகம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாவது வரை படித்தவள் நான். எழுதப்போய் யாரையாவது புண்படுத்திவிடுவேனோ என்ற பயம் வேறு. இன்றைக்கு விளக்கேற்றி முடித்ததும் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் போகிற சாலையில் எங்கள் தெரு. தெருமுனையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பழுதான பிரிட்ஜ் ஒன்றைப் புத்தகப் பெட்டியாக நிறுத்தியிருக்கிறோம். கதவு இறுகச் சாத்திக்கொள்வதால் ஐப்பசி மழைக்கும் உள்ளே நனையாது. யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். நான் சின்னச் சின்ன பக்திப் புத்தகங்களை வைப்பேன். ஒரு சமயத்தில் ஒன்றுதான். நம் சாமியை அடுத்தவர் கையில் திணிக்கக் கூடாது. வேண்டும் என்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அவற்றை எடுத்துப் படித்தது எதிர்வரிசையில் தையல் மெஷின் போட்டிருக்கும் முஸ்லிம் அக்கா. புத்தகம் திரும்பி வரும்போது நடுவில் கலர் நூல் ஒன்று கிடக்கும், அதனால் தெரியும். அதற்குப் பதில் போல அவரும் ஒரு புத்தகம் வைத்தார். நபிமார்களின் கதைகள், தமிழில். சிங்கப்பூரில் வேலை பார்த்து, பிறகு தவறிப்போன அவர் கணவரின் கையெழுத்து முதல் பக்கத்தில் இருந்தது. அதில் வரும் ஒரு தகப்பனின் துக்கத்தைப் படித்து அடுப்படியிலேயே நான் அழுதிருக்கிறேன். ஆனால் நேரில் பார்த்தால் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. "சாப்டாச்சா, கரண்டு வந்துச்சா", அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சரஸ்வதி பூஜை. வீட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துப் படைத்தாயிற்று. கிண்ணத்தில் மீதி இருந்தது. தெருப் பெட்டியை மட்டும் எப்படி விடுவது என்று கிளம்பினேன்.

"பிரிட்ஜுக்கு சூடமும் காட்டுவியா?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. உள்ள இருக்கறதும் சரஸ்வதிதானே."

"கதவுல வச்சுட்டு வா, போதும்."

நான் கேட்கவில்லை. உள்ளே இருந்த அத்தனை புத்தகத்துக்கும் அட்டையில் வைத்தேன். அக்காவின் புத்தகத்துக்கும்தான். அதை மட்டும் விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடுமே என்று அப்போது தோன்றியது.

மறுநாள் அந்தப் புத்தகம் அங்கே இல்லை. யாரோ படிக்க எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அதன்பின் என் புத்தகங்களில் நூலும் இல்லை. சம்பா நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்து, களையெடுப்பும் ஆயிற்று. அக்கா பார்த்தால் சிரிப்பார், "சாப்டாச்சா" என்பார். கோபமா, இல்லையா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் ஒரு ரவிக்கைத் துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க தங்கச்சி. போன வாரம் தச்சதையே இன்னும் எடுத்துட்டுப் போகல, அதுக்குள்ள இன்னொண்ணா?"

"அக்கா, பெட்டில நான் பண்ணது தப்பா?" கேட்டே விட்டேன்.

மெஷினை நிறுத்தினார். பீரோவிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார். பொட்டு அப்படியே காய்ந்திருந்தது.

"நீங்க பாசத்துல வச்சீங்க, தெரியும். ஆனா இதுல நாங்க ஓதுற வசனமெல்லாம் இருக்கு தங்கச்சி. இந்தப் பொட்டோட திரும்ப அங்க வைக்க மனசு வரல. தொடைக்கலாம்னு துணிய நனைப்பேன். நீங்க சாமின்னு வச்சதாச்சே, கை வராது. புள்ளைங்க அத்தா இருந்தா அவங்களக் கேட்டிருப்பேன்."

"நானே தொடைச்சிடறேங்க்கா" என்று வாங்கினேன். வாங்கினேனே ஒழிய, எனக்கும் கை வரவில்லை. வைத்த குங்குமத்தை நானே அழிப்பதா? புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம்.

"சரி, அட்டை போட்டுடுவோம்" என்றார் அவர். பழுப்புத் தாளை அவர் வெட்ட, நான் மடித்தேன். "ரவிக்கைக்கு இது எவ்வளவோ தேவலாம். புத்தகம் அடுத்த மாசம் குண்டாகி வந்து நிக்காது" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் புத்தகம் பெட்டிக்கு வந்தது. சில நாளில் என் புத்தகத்தில் ஒரு பச்சை நூலும் வந்தது. ஆனாலும் அட்டைக்குள்ளே பொட்டு இருக்கத்தானே செய்கிறது? அக்கா எனக்காகப் பொறுத்துக்கொண்டாரா? என் பக்தியை இன்னும் அவர் தலையில் சுமத்திக்கொண்டுதான் இருக்கிறேனா? சாமி முன்னால் நின்று கேட்டும் தெளியவில்லை. இப்போதெல்லாம் பூஜையன்று பெட்டியின் கதவைக்கூடத் தொடுவதில்லை. வைக்காமல் திரும்பும்போது விரல் குறுகுறுக்கிறது. அதுவும் பாவமோ என்று ஒரு எண்ணம்.

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "இருக்கட்டும், வைங்க" என்றார். இந்த நோட்டும் அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது. எடுக்கிறவர்கள் படித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுங்கள். ஒரு வரி கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். யார் செய்தது சரி என்று ஓரத்தில் எழுதிவிடாதீர்கள். தயவுசெய்து பொட்டும் வைக்காதீர்கள்.