கால் விரல் அசைந்தது

நகரியில் விசைத்தறி ஓட்டும் மாசிலாமணிக்கு நாற்பத்தொரு வயது. போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"கௌசிகா, ஒரு இழை ரெண்டா தெரியுது. வாயெல்லாம் காய்ஞ்சிகினு வருது."

மத்தியானத்துக்குள் இமைகள் தொங்கிவிட்டன. பேச்சு குழறியது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பியது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கட்டுவிரியன் கடித்திருக்குமோ என்று உடம்பெல்லாம் தேடினார்கள். பல் தடம் இல்லை. விஷமுறிவு மருந்து ஏற்றியும் பயனில்லை. மூச்சு திணறவே வென்டிலேட்டர் வைத்தார்கள்.

"முடிஞ்சிபோச்சிம்மா. ஊருக்குச் சொல்லிடலாம்" என்றார் அவருடைய அண்ணன் கன்னையா, கட்டிலருகிலேயே நின்று.

அப்போது வந்த நரம்பு டாக்டர் சபீனா, மாசிலாமணியின் இமையை விரலால் தூக்கினார். "நான் பேசுறது கேட்டா கால் விரலை அசைங்க."

பெருவிரல் அசைந்தது.

கௌசிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னையாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எல்லாத்தையும் கேட்டுக்கினா இருந்தான்?"

"ஆமா. புத்தி தெளிவா இருக்கு, தசைதான் வேலை செய்யல. கண்ணுல ஆரம்பிச்சு கீழ இறங்குது, காய்ச்சலும் இல்ல. ரெண்டு மூணு நாளா என்ன சாப்பிட்டார்?"

புதிதாகச் சாப்பிட்டது எண்ணெய்ப் பூண்டுதான், போனில் வீடியோ பார்த்து கௌசிகா செய்தது. பூண்டை வேகவைத்து, எண்ணெய் ஊற்றி, பாட்டிலில் இறுக மூடி இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருந்தாள். புளிப்பு எதுவும் சேர்க்கவில்லை. விரதம் என்பதால் அவள் தொடவில்லை. அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சோற்றில் பிசைந்து தின்றார்.

"காத்தும் போகாத, புளிப்பும் இல்லாத எண்ணெய்க்குள்ள ஒரு கிருமி விஷத்தைக் கக்கும். அதால வர்ற நோய்க்கு பொட்டுலிசம்னு பேரு. வாசனையில தெரியாது" என்றார் டாக்டர்.

கௌசிகா அலறினாள். இன்னொரு பாட்டில் புத்தலப்பட்டில் அவள் அக்கா பச்சையம்மாள் வீட்டில் இருந்தது. உடனே போன் போட்டாள்.

"அக்கா, பூண்டைத் துன்னுடாத!"

"இப்பதான்டி தட்டுல போட்டேன். ஏன்?"

அந்தப் பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். விஷம் இருந்தது. ஆனால் முடிவு வரும்வரை சபீனா காத்திருக்கவில்லை. அன்றே கேட்டு, மறுநாள் விமானத்தில் வந்த எதிர்மருந்தை ஏற்றினார். "இது மேற்கொண்டு பரவாம தடுக்கும். செயலிழந்த நரம்பு மெல்லத்தான் திரும்பும்" என்றார்.

முப்பத்தொன்பது நாள் மிஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. மூச்சுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாயை எடுத்த மறுநாள், கௌசிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "என் மேல கோவமா?"

"தெனம் பக்கத்துல ஒக்காந்து அழுதுகினு இருந்தியே. நிறுத்துடின்னு சொல்ல வாய் வரல. அதான் தாங்க முடியல" என்றார் அவர், கரகரத்த குரலில்.