நாக்கு மீனும் சோலும்

ஓட்டலில் தட்டு சுமப்பது பெரிய காரியமில்லை, தட்டில் இருப்பது என்னவென்று விளக்குவதுதான் கஷ்டம். மேஜை மேஜையாக நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷூவின் அடிப்பாகம்

தொண்ணூறுகளில், செங்கல்பட்டில் பி.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சர்வராகச் சேர்ந்தேன். இரண்டாவது வாரம் மறைமலைநகர் தொழிற்சாலை அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மெனுவில் இருந்த 'சோல் ஃப்ரை' என்றால் என்னவென்று கேட்டார். படித்த திமிரில், சோல் என்றால் ஷூவின் அடிப்பாகம் என்று முதலில் சொல்லிவிட்டேன். அது மீன் பெயரும்கூட என்று சொல்லி முடிப்பதற்குள், அவருடைய மகள் முகத்தைச் சுளித்து எழுந்துவிட்டாள். பின்னாலேயே மொத்தக் குடும்பமும் கிளம்பியது.

இன்னொரு மேஜை இப்படிக் காலியானால் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் முதலாளி. வீட்டில் என் சம்பளத்தை நம்பித் தங்கையைக் காலேஜில் சேர்த்திருந்தார்கள். அடுப்படியில் போய் நின்றேன். சமையல்காரர் ஏழுமலை அண்ணன் மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்: "மீனுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு கம்னு இருந்திருக்கலாம் இல்ல வாத்தியாரே?"

அகராதி

வார விடுமுறையில் செங்கல்பட்டு நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். சோலுக்கு மூன்று அர்த்தம் இருந்தது: காலணியின் அடிப்பாகம், மீன், தனியான. தனியான என்பதற்கு வேர் வேறு. மற்ற இரண்டும் ஒரே வேர்; செருப்பைக் குறிக்கும் லத்தீன் சொல். மீன் செருப்பு மாதிரி தட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். அப்படியானால் அன்றைக்கு நான் சொன்னதில் தப்பில்லை என்று மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் காலையில், திருவிடந்தையிலிருந்து மீன் கூடை கொண்டுவரும் கன்னியம்மாவிடம் இதைச் சொன்னேன். நம் பக்கத்தில் அதற்கு நாக்கு மீன் என்று பேர். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாங்க நாக்குன்றோம், அவன் செருப்புன்றானா? வாயில வெக்கிறதுக்கு எந்தப் பேரு நல்லாகீது, நீயே சொல்லு."

ஆன்மா

புது மெனு அச்சாகி வந்தபோது, அச்சுக்காரர் 'sole' என்பதை 'soul' என்று அடித்து, மீனை ஆன்மா ஆக்கியிருந்தார். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். பார்த்தேன், ஆனால் முதலாளியிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை.

முதல் நாளே தனியாக வந்த வயதான இங்கிலாந்துக்காரி ஒருவர், இந்த ஆன்மா இன்றைக்குப் பிடித்ததா என்று கேட்டார். அச்சுப்பிழை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்ததும், அகராதியில் படித்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் அவர் முதலாளியைக் கூப்பிட்டார். தொலைந்தோம் என்று தண்ணீர் ஜாடியைப் பிடித்தபடி நின்றேன். அவரோ, சிறுவயதிலிருந்து இதே மீனைச் சாப்பிடுகிறேன், ஏன் அந்தப் பெயர் என்று இன்றைக்குத்தான் இவர் சொல்லித் தெரிந்தது என்றார்.

அவர் போனபிறகு முதலாளி மெனுவை எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தார். "இனிமே வெள்ளைக்காரங்க வந்தா நீயே போ. ஆனா செருப்பு சமாச்சாரத்த அவங்க துன்னு முடிச்சப்புறம் சொல்லு."

எருமை

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் சர்வர்களுக்குத் தலைமையான கேப்டன் ஆகியிருந்தேன். கல்பாக்கத்திலிருந்து மனைவியோடு வந்த விஞ்ஞானி ஒருவரிடம், ஆங்கிலேயன் இதைச் செருப்பு என்கிறான் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். முள்ளை ஒதுக்கிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். இதே தட்டை மீன் வகையில் எருமை நாக்கு என்று ஒன்று உண்டே, அதன் விஞ்ஞானப் பெயர் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். அந்த ஓட்டலில் வாடிக்கையாளர் மேஜையில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"நம்ம கரையில வழங்கின பேரைக் கேட்டுத்தான் வெள்ளைக்காரன் எழுதி வச்சான் சார்," என்றார் விஞ்ஞானி. "உலகம் பூரா இன்னைக்கும் அந்த மீனோட விஞ்ஞானப் பேர்ல நம்ம 'எருமை'தான் இருக்குது."

என் மேஜைகளில் பேச்சு நீண்டு மீன் ஆறிப்போச்சு என்று புகார் வந்ததுண்டு, பேர் புரியவில்லை என்று மட்டும் ஒருத்தரும் எழுந்து போனதில்லை.