பொறுப்பில் இல்லாத டாக்டரும் ஓர் ஆட்டுக்குட்டியும்

இனப்பெருக்கத்துக்கு விடும் கிடாவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது ஆடு வளர்ப்பின் விதி. திருவொற்றியூரில் எங்கள் தெருக் கிடாவிடம் அது செல்லுபடியாகவில்லை. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. நேர்ந்தவர் மணலிக்குக் குடிபோய்விட்டார், மற்றவர்களுக்குத் தொடப் பயம். விளைவு, தெருவில் பிறக்கும் குட்டிகளுக்கு அதுவே அப்பன், அதுவே தாத்தா.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு காலை, எதிர்வீட்டு இட்லிக்கடை அம்மாள் தன் ஆடு ஈன்ற குட்டியைப் புடவையில் சுற்றி எடுத்து வந்தார்.

"நைனா, இதுக்கும் பின்னாடி வழியே இல்ல. போன ஈத்துல ரெண்டும் இப்டித்தான் வவுறு ஊதி செத்துச்சி. இத்தயாவது காப்பாத்திக் குடு."

துறைமுக அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் நான். அவசர சிகிச்சை கேட்டு, உரிய துறைக்குக் கைபேசியில் மனு அனுப்பினேன். உடனே மனு எண் வந்தது.

"நம்பரு வந்துச்சி. டாக்டரு எப்ப வருவாரு?"

ஆட்டோ பிடித்தோம். கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் டாக்டர் தன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாற்றலாகி, முந்தின நாளே பொறுப்பை ஒப்படைத்துவிட்டாராம். புதியவர் மறுநாள்தான் வருவார். குட்டியின் வயிறு மத்தளமாக இருந்தது.

"நாளைக்கு வரைக்கும் தாங்காது" என்று பையைத் திறந்தார்.

"நீங்கதான் பொறுப்புல இல்லையே?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"ரூல் தெரிஞ்ச சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

நின்றேன்.

"வந்துச்சி நைனா, வந்துச்சி!" திரும்பிப் பார்த்தால், டாக்டர் கீறித் திறந்த வழியாகப் பீய்ச்சி, அவர் சுடிதார் முழுக்கக் கறுத்த பிசின் போல் குட்டியின் முதல் கழிவு. அதைப் பார்த்துக் கண்கலங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"இது பரம்பரையா வர்ற குறை. இந்தக் குட்டியை இனத்துக்கு விடாதீங்க. அந்தக் கிடாவையும் மாத்திடுங்க."

"அம்மன் கோச்சுக்கும் டாக்டரம்மா."

"குட்டிங்க சாவணும்னா அம்மன் கேட்டாங்க?"

கிடா இப்போது மீஞ்சூர் பக்கம் ஓர் அம்மன் கோயிலில், பெட்டை ஆடே இல்லாத வளாகத்தில், என்னைப் போலவே ஓய்வில் இருக்கிறது.

டாக்டரைப் பாராட்டி மேலிடத்துக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் அதுவே அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடும். ஆகவே பெயர் சொல்லாமல் இங்கே நன்றி சொல்கிறேன். விதியைக் காக்கத் தெரிந்த எனக்கு, எப்போது திரும்பி நிற்க வேண்டும் என்று கற்றுத்தந்தவர் அவர். என் மனுவுக்கும் பதில் வந்தது, 'அருகிலுள்ள மருத்துவரை அணுகவும்' என்று: தன் கழுத்து மாலையைக் குட்டி தின்றுகொண்டிருந்த மாட்டுப் பொங்கல் அன்று.