தாரா இறங்கும் திட்டு

தோர்ண்டன் ஹீத்தில் என் எதிர்வீட்டுத் தமிழனிடம் வேட்டைத் துவக்கு இருக்கிறது, அதற்குப் பொலிசே அனுமதிப் பத்திரம் கொடுத்திருக்கிறது என்று தெரியவந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த ஆட்கள் நாங்கள். இவன் காசு கொடுத்து ஒன்றை வாங்கி, இரும்புப் பெட்டியில் பூட்டி, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறான்!

றெஜினோல்ட் மன்னார் ஆள். வயது நாற்பத்தைந்து. பஸ் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டுப் பிடிப்பான். கிழவிகள் ஏறினால் அவர்கள் உட்காரும்வரை பஸ்ஸை எடுக்கமாட்டான். அப்படிப்பட்டவன்தான், குளிர்காலம் வந்தால் ஷிப்ட் இல்லாத நாட்களில் கென்ட் பக்கத்துச் சதுப்புக்குக் காட்டு வாத்து, எங்கள் பேச்சில் தாரா, சுடப் போகிறான். ஒரு வேட்டைக் கிளப்பில் அங்கத்தவன் வேறு.

"அண்ணை, சுடுறது பெரிய விசயமில்லை. இடம் பாக்கிறதுதான் விசயம். ஒருநாள் வாங்கோ, காட்டிறன்" என்றான். நான் சாவகச்சேரிச் சைவம். ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருந்து மனைவியிடம் பேச்சு வாங்குவதைவிட இது மேல் என்று ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை விடியப்புறம் புறப்பட்டேன்.

தேம்ஸ் கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, கடலணையில் காரை விட்டோம். போன் அடித்தால் தாரா கலையும் என்று என்னுடையதைக் காரிலேயே வைக்கச் சொன்னான். அணைக்கு அப்பால் வெறும் சேறு. அதில் ஒரு வாய்க்கால்; கணுக்கால் அளவு தண்ணீர். அதைக் கடந்தால் புல் மண்டிய சிறு திட்டு. நடுவில் ஆளுயரத்துக்கும் மேலாக நட்டிருந்த ஒரு பழைய மரக்குற்றி.

"நேற்றுப் பின்னேரம் வந்து பாத்து வைச்சனான்" என்றான். எச்சத்தையும் உதிர்ந்த இறகையும் காட்டினான். தாரா காற்றை எதிர்த்துத்தான் இறங்குமாம். அதனால் காற்று எங்கள் முதுகில் இருக்கவேண்டும். சூரியனும் முதுகில் இருந்தால் அதன் கண் கூசும், எங்களைக் காணாது. இரண்டும் இந்தத் திட்டில் பொருந்தி வந்தன. நான் அசந்துபோனேன். அவன் சொன்னபடியே, வெளிச்சம் பரவியதும் ஐந்தாறு தாராக்கள் எங்கள் முகத்துக்கு நேரே காலை நீட்டிக்கொண்டு இறங்கின. அவன் சுட்டான். ஒன்று விழுந்தது.

அதை எடுக்க அவன் முன்னே போனபோதுதான் நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். வாய்க்காலைக் காணவில்லை. அந்த இடத்தில் ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கடல் எங்களுக்கு முன்னால் இன்னும் தூரத்தில்தான் கிடந்தது. தண்ணீர் பின்பக்கத்தால் வந்துவிட்டது!

"றெஜி, வாரும், போவம்! துடையளவுதான் இருக்கும்!"

அவன் திரும்பி வந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தான். முகத்தில் இரத்தமே இல்லை. துவக்கிலிருந்து தோட்டாவை எடுத்தான், உறையில் போட்டுக் குற்றியில் தொங்கவிட்டான். பிறகு திட்டின் நடுவில் போய் நின்றுகொண்டான்.

"இறங்காதேங்கோ அண்ணை. திட்டில நிக்கிறதுதான் காவல். இறங்கினாத்தான் ஆபத்து."

ஐந்து வருடமாக இங்கே வருகிறவன் சொல்கிறான், நான் நம்பினேன். அவனுடைய போனில் சிக்னலும் இல்லை. கொஞ்ச நேரத்தில் என் சப்பாத்தின் கீழ்ப் புல் நனைந்தது.

"எவ்வளவுக்கு ஏறும்?"

"முழங்கால் மட்டும்தான்."

"ஆர் சொன்னது?"

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். தொண்ணூறாம் ஆண்டு, இவனுக்குப் பத்து வயதில், இந்தியாவுக்கென்று ஏற்றிப்போன வள்ளக்காரன் இவர்களை இடைவழியில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டானாம். இரண்டு நாள். கடல் முழங்கால்வரை வந்து வந்து வற்றியதாம். திட்டில் நின்ற பதினான்கு பேரும் பிழைத்தார்கள். குடிதண்ணீர் தேடி அடுத்த திட்டுக்கு நடந்தவர் ஒருவர் மட்டும் திரும்பி வரவில்லை.

"அவர் என்ரை அப்பா."

இவன் தாராவை அறிவான், காற்றை அறிவான். கடல் ஏறி இறங்கும் நேரம் போட்டுக் கிளப்பில் கொடுத்த வற்றுப்பெருக்கு அட்டவணை சட்டைப்பையில் இருக்கிறது; தாராவில் கண் வைத்ததில் நேரத்தை மறந்துவிட்டான். ஆனால் தண்ணீர் சுற்றிவந்ததும் அவனுக்குள் பேசியது அந்த மன்னார்க் கடல். நான் குற்றியைப் பார்த்தேன். அதில் பச்சைப்பாசி என் தலைக்கு மேலே ஒரு சாண் வரைக்கும் பிடித்திருந்தது.

"டேய்! அந்தப் பாசியைப் பார்! அவ்வளவுக்கும் ஏறுமடா! இது மன்னார் இல்லையடா!"

அவன் பார்த்தான். பார்த்தும் கால் அசையவில்லை. இழுத்தேன், வரவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. இன்னும் பத்து நிமிடம் நின்றால் இரண்டு பேருக்கும் இதுதான் இடம் என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். இடுப்புவரை பனிக்கட்டித் தண்ணீர். மூன்றாம் அடியில் சேறு காலைப் பிடித்துக்கொண்டது. சரிந்தேன்.

"அப்பா!"

அப்படி ஒரு அலறலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அடுத்த கணம் அவன் கை என் கொலரில். என்னை இழுத்தானோ தூக்கினானோ தெரியாது, இருவரும் தண்ணீர் குடித்து, விழுந்து எழும்பி, அணைக்கல்லில் போய் மோதினோம்.

குளிரில் பல்லடிக்க, அணையில் இருந்து பார்த்தோம். புல் போயிற்று. துவக்குப் போயிற்று, அதற்குப் பொலிசுக்கு அவன்தான் பதில் சொல்லவேண்டும். கடைசியாகக் குற்றியும் மறைந்தது.

"நீந்தத் தெரியாமல் ஏன் அண்ணை இறங்கினனீங்கள்?"

"நான் இறங்கினா நீ வருவாய் எண்டு நினைச்சன்."

அவன் சப்பாத்தைக் கழற்றி உள்ளே இருந்த தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினான்.

"அப்பா இறங்கேக்க நான் போகேல்லை அண்ணை. கூப்பிட்டவர். பயத்தில அம்மாவின்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

"பத்து வயசுப் பிள்ளை வேறென்னடா செய்யிறது!" என்று கத்தினேன். அந்தக் கோபம் யார் மீது என்று எனக்கே தெரியவில்லை. அவன் முகத்தை மூடிக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றான்.